இரண்டு படம் மிச்சம்: நோர்வூட்டிலிருந்து ராகலைக்கு

ராகலைப் பக்கம் கேமராவோடு போக நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். எண்கள் மட்டும் தெரியும். கொழுந்து நிறுக்கும் தராசைப் பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டவை. கேமராவுக்கு அது போதும்.

1961, மார்கழி மாதம், ஒரு வியாழக்கிழமை. ராகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருந்த என் அக்கா காமாட்சியின் பிரஜாவுரிமை மனுவுக்குப் படம் வேண்டும். அந்த உரிமை இருந்தால்தான் தோட்டத்து ஆட்களுக்கு ஓட்டு. சம்பள நாளில் வந்த படக்காரர் ஒருவர் எடுத்துக் கொடுத்ததை மனுவைப் பார்க்கும் அரசாங்கக் கந்தோரில் திருப்பிவிட்டார்கள். உச்சி வெயிலில், தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தின், புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் முன்னால் நிறுத்தி எடுத்த படம் அது. படத்தில் சுவர் பளிச்சென்று விழுந்திருந்தது; அக்காவின் முகம் கரித்துண்டாகக் கிடந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் நுவரெலியா கந்தோரில் முகம் தெரிகிற படம் சேர வேண்டும், இல்லையென்றால் மனு தள்ளுபடி. கொழுந்து எடுக்கும்போது வழுக்கிக் கால் ஒடிந்திருந்த அக்காவால் நுவரெலியா டவுனுக்கு இறங்க முடியாது. டவுன் ஸ்டூடியோவின் கேமராவோ மூன்று கால் வைத்த பெட்டி, கண்ணாடித் தட்டு, கறுப்புத் துணி என்று இரண்டு ஆள் சுமை. அது மலையேறாது.

அந்தப் பெட்டிக்குப் பிறகு வந்தது கையடக்கமான பெட்டிக் கேமரா. அதில் ஒரே துளை, ஒரே வேகம். வெயில் இருந்தால் படம், இல்லையென்றால் இல்லை. என்னிடம் இருந்தது அதற்கும் அடுத்தது, விசிறி மாதிரி மடித்துச் சட்டைப் பையில் வைக்கலாம். சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் தோட்டத் துரை ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது. அதில் துளை, நேரம், தூரம் மூன்றையும் நாமே வைக்க வேண்டும். மூன்று சுருளைப் பாழாக்கித்தான் படித்தேன். நான் நோர்வூட்டில், தொழிற்சாலையில் தேயிலை காயவைக்கிறவன். அடுப்புச் சூடு கூடினால் நேரத்தைக் குறைப்போம், சூடு தணிந்தால் நேரத்தைக் கூட்டுவோம். பிலிமும் அதே கணக்குதான். வெளிச்சம் மிஞ்சினால் பிலிம் கறுத்துப்போகும், குறைந்தால் வெளிறிக் கிடக்கும்; தாளில் போடும்போது அது தலைகீழாகும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: துளையின் எண் கூடக் கூட துளை சின்னதாகும். அந்த ஒன்று தெரியாமல்தான் என் முதல் சுருள் போனது.

சுருளுக்கு எட்டுப் படம். அன்று ஆறு முடிந்து இரண்டுதான் மிச்சம். முந்தின நாள் ஹட்டனில் தேடியும் புதுச் சுருள் கிடைக்கவில்லை.

காலை ஐந்தரைக்கு நோர்வூட்டில் பஸ் ஏறினேன். ஹட்டன் எட்டு மைல், நாற்பது சதம். அங்கிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியா இருபத்தெட்டு மைல், ஒரு ரூபா நாற்பது. இடது பக்கம் உட்காருங்கள். அருவி அந்தப் பக்கம்தான் வரும். வளைவில் பஸ்ஸை மெதுவாக்கினார்கள்.

“அருவி வருது தம்பி. படம் எடுத்துக்கங்க” என்றார் கண்டக்டர்.

“வேணாங்க. ரெண்டுதான் மிச்சம் இருக்கு.”

“அப்பறம் கழுத்துல எதுக்குத் தொங்குது, திருஷ்டிக்கா?”

பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

ஒன்பது மணிக்கு நுவரெலியா. அங்கேயும் சுருள் இல்லை. ராகலை இன்னும் பதின்மூன்று மைல், அறுபத்தைந்து சதம், ஒன்றரை மணி நேரம். அப்புறம் இரண்டு மைல் ஏற்றம். லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. அக்கா வெள்ளைச் சேலை கட்டி, பவுடரை அப்பிக்கொண்டு அடுப்படியில் தயாராக உட்கார்ந்திருந்தாள். முதலில் அந்த முகத்தைக் கழுவ வைத்து, மயில் நிறச் சேலை கட்டச் சொன்னேன். வெள்ளைச் சேலையும் அந்தச் சுவர் மாதிரி முகத்தை அமுக்கிவிடும்.

வெளியே மூடுபனி இறங்குவதைப் பார்த்ததும் எனக்கு அவசரம் வந்துவிட்டது. நெருப்பு வெளிச்சம் போதும் என்று அங்கேயே கேமராவை விரித்து அமுக்கிவிட்டேன். அக்கா புருஷன் மாரிமுத்து மச்சான் எட்டிப் பார்த்தார்.

“மாப்ள, கண்ணாடி வேர்த்திருக்கே.”

குளிரில் வந்த கண்ணாடி, அடுப்புச் சூட்டில் ஆவி படிந்து வெளுத்திருந்தது. அந்தப் படம் போயிற்று.

“ஒண்ணு போயிருச்சா தம்பி?” என்றாள் அக்கா.

“ஒண்ணு இருக்குக்கா.”

கண்ணாடியைத் துடைக்காமல் அரை மணி நேரம் காத்திருந்தேன், தானாகவே தெளிந்தது. அதற்குள் லயத்தில் பக்கத்து அறைகளில் இருந்த காம்பராக்காரர்கள் கூடிவிட்டார்கள்.

“வெள்ளச் செவுரு முன்னால ஒக்கார வைங்க தம்பி, அப்பத்தான் எடுப்பா இருக்கும்” என்றாள் ஒரு பெண்.

“செவுருதான் எடுப்பா இருக்கும். மனு செவுருக்கா போட்டிருக்கோம்?”

“மிஸ்டு கட்டிருச்சே மாப்ள. படம் விழுமா?” என்றார் மச்சான்.

விழும். வெயில் ஒரு பக்கம் அடித்து மறு பக்கத்தை இருட்டாக்கும். மூடுபனி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வெளிச்சம் தரும், அளவுதான் குறைவு. அக்காவை வாசற்படியில், வெளியே பார்க்க உட்கார வைத்தேன். பின்னால் இருட்டு அறை, முன்னால் பனி வெளிச்சம். துளை ஐந்து புள்ளி ஆறு. நேரம் நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. தூரம் ஐந்தடி, முழம் போட்டு அளந்தது. இந்த நேரத்துக்குக் கை ஆடினாலும் கெட்டுவிடும். கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் கேமராவை வைத்துக் கல்லால் அண்டை கொடுத்தேன்.

“தலைய கதவு நிலையில சாச்சுக்கக்கா. மூச்சு விடாத.”

“காமாட்சி மூச்சு விடாம பேசாம இருக்கிறத இன்னிக்குத்தான் பாக்குறேன்” என்றார் மச்சான். அக்கா அசையவில்லை, கண் மட்டும் சிரித்தது. அமுக்கினேன்.

மூன்று மணி பஸ்ஸில் நானும் மச்சானும் நுவரெலியாவுக்கு இறங்கி, சுருளை ஸ்டூடியோவில் கழுவக் கொடுத்துவிட்டு இரவு அங்கேயே தங்கினோம். ஸ்டூடியோக்காரர் மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கழுவிய பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது யாருங்க எடுத்தது?”

“நான்தாங்க.”

“எந்த ஸ்டூடியோ?”

“தேயிலை காயவைக்கிற வேலைங்க.”

இன்னொரு தடவை பிலிமைப் பார்த்தார். “நம்மகிட்ட வந்துர்றீங்களா?” என்றார். மச்சான் என்னை விட நிமிர்ந்து நின்றார்.

படத்தைத் தாளில் போட்டு வாங்கிக்கொண்டு ஒன்பதே முக்காலுக்குக் கந்தோர். யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஐயா மச்சான் கொண்டுவந்திருந்த பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்தார்.

“இப்பதான் ஆள் ஆரெண்டு தெரியுது” என்று சொல்லி, அதைக் கோப்பில் ஒட்டி முத்திரை குத்தினார்.

போகிறவர்களுக்கு: பஸ் நேரமும் கட்டணமும் மாறியிருக்கும், விசாரித்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்குப் பிறகு பனி இறங்கினால் கேமராவை உள்ளே வைக்காதீர்கள். முகம் எடுக்க அதுதான் நேரம். டீக்கடைக்குள் நுழைந்தால் கண்ணாடி தெளியும் வரை பொறுங்கள். இன்றைய போன் எல்லாவற்றையும் தானே வைத்துக்கொள்ளும். ஆனால் பின்னால் வெளிச்சம் கூடினால் அதுவும் சுவரைத்தான் எடுக்கும். திரையில் முகத்தைத் தொட்டுக் காட்டிவிட்டு எடுங்கள்.

ஆறு மாதத்தில் அக்காவுக்குப் பிரஜாவுரிமை வந்தது. கால் எலும்பும் கூடியது, கொஞ்சம் வளைவாக. அடுத்து வந்த தேர்தலில் யார் தோளையும் பிடிக்காமல் அந்த இரண்டு மைல் இறக்கத்தை நடந்தே இறங்கிப் போய், வரிசையில் முதல் ஆளாக நின்று ஓட்டுப் போட்டாள்.