இரண்டு பக்கமும் கைதட்டியவர்

திருவரங்குளத்தில் கபடி இறுதி ஆட்டம். எங்கள் ஊர் அணிக்காகக் கத்திக்கொண்டிருந்த என் பக்கத்தில், துண்டைத் தலையில் கட்டியிருந்தவர், எந்த அணி புள்ளி எடுத்தாலும் கைதட்டினார்.

"நீங்க எந்த ஊருக்குங்க தட்டுறீங்க?" என்றேன்.

"அங்கிட்டு என் மகன் ஆடுறான். ஒங்க ஊரு டீம்ல மருமகன். நான் எங்கிட்டுங்க போறது?" என்று சிரித்தார்.

கடைசி ரெய்டுக்கு அவர் மகன் வந்தான். மருமகன் அவன் காலைப் பிடித்தான். வயதானவன், படித்தவன், எல்லாம் தெரிந்தவன் நான், "கால ஒடைச்சுப் போடுடா!" என்று கத்திவிட்டேன். மகன் விழுந்தான், எழவில்லை. நாங்கள் வென்றோம்.

அவர் என்னைப் பார்த்தார். வழக்கம்போல் கைதட்டினார். பிறகுதான் துண்டை அவிழ்த்துக்கொண்டு மகனிடம் ஓடினார்.

அந்தக் கைதட்டல் மருமகனுக்கா, எனக்கா? இன்னும் எனக்கு விளங்கவில்லை.