மேலே அனுப்பிய தண்ணீர்

வேலையில் இருந்த காலம் முழுக்க அவரை எல்லோரும் 'ஃபோர்ஸ் சார்' என்றுதான் கூப்பிட்டார்கள். நகரத்து நீரேற்று நிலையத்தில் பம்ப் ஆபரேட்டர். மாடி வீட்டுக்காரர் யாராவது ஃபோனில் பிடித்து, தண்ணீர் வரவில்லை என்று திட்டினால், "ஃபோர்ஸ் பத்தலைங்க, ஏத்தி விடுறேன்" என்பார். ஏற்றியும் விடுவார். அதற்குப் பிறகு எந்தத் தெருவில் எந்தக் குழாய் பிய்த்துக்கொண்டது என்பதெல்லாம் வேறு இலாகாவின் தலைவலி. அனுப்பிய தண்ணீர் திரும்பி வராமல் தடுக்க அங்கே ஆள் உயரத்துக்கு ஒரு வால்வு உண்டு. ஆகவே, மேலே போன தண்ணீர் திரும்பியும் வரும் என்ற விஷயம் தெரியாமலே மனுஷர் ஓய்வு பெற்றார்.

வீட்டிலும் அதே ஃபோர்ஸ்தான். ஒரே மகள். கணக்கில் கொஞ்சம் சுமார் என்று பள்ளியில் சொன்னதற்கு இரண்டு டியூஷன் வைத்தார். தும்மினால் இரண்டு டாக்டர். கல்யாணமான புதிதில் அவள் வீட்டு ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்று ஸ்டூல் போட்டு ஏறினார். ஃபேன் சீலிங் பூச்சோடு சேர்ந்து கையில் வந்துவிட்டது. அதனால் மகள் வீட்டில் அவருக்கு மரியாதை ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஸ்குரூடிரைவர் மட்டும் கண்ணில் படாத இடத்துக்குக் குடிபோனது. அவர் போகும்போதெல்லாம் மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கப்பா" என்பாள். பெற்ற மகள் வீட்டில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருப்பது அவருக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

மகளும் மாப்பிள்ளையும் ஹாலில் உப்புத்தண்ணீர் மீன்தொட்டி வைத்திருந்தார்கள். ஆரஞ்சு நிறத்தில் இரண்டு மீன். அடுத்த வாரம் இருவரும் வெளியூர் போக வேண்டியிருந்தது. வீட்டுச் சாவியைக் கீழ்வீட்டு டெய்லரம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவதாக மகள் சொன்னபோது ஃபோர்ஸ் சாருக்கு முகம் சுண்டிவிட்டது.

"ஏன், அப்பன் ஒருத்தன் இருக்கேன்ல?"

"உங்களுக்கு எதுக்குப்பா சிரமம்" என்றாள். அவளுக்குப் பயம் அவருடைய சிரமத்தைப் பற்றியல்ல என்பது அவருக்குப் புரியாமலில்லை.

அந்த நேரம் பார்த்துத் தொட்டியின் பம்ப் உயிரை விட்டது. மகள் ஆபீசிலிருந்து கூப்பிட்டாள். "அப்பா, எங்க ரெண்டு பேருக்கும் இன்னிக்கு லீவு கிடைக்கல. பழைய அளவுலயே ஒண்ணு வாங்கி மாட்டிருங்களேன். அதே அளவு போதும்பா."

ஃபோனை வைத்ததும் மனைவியிடம், "இதை மட்டும் ஒழுங்கா முடிச்சிட்டேன்னா சாவி நமக்குத்தான்" என்றார்.

"ஒழுங்கா முடிங்க" என்றாள் அந்த அம்மாள். நாற்பது வருஷ அனுபவம் பேசியது.

கடைக்காரர் எடுத்த எடுப்பிலேயே, "ஓவர்ஃப்ளோ குழாய் எத்தனை இன்ச் சார்?" என்று கேட்டார்.

"அது எது?"

"தொட்டி நிறைஞ்சா மூலையில இருக்கிற பெட்டி வழியா வழிஞ்சு, கீழ அலமாரிக்குள்ள இருக்கிற சம்புக்கு, அதான் அந்த இன்னொரு தொட்டிக்கு, வரும்ல, அந்தக் குழாய்."

"கீழ வர்றதைப் பத்தி நமக்கு என்னங்க? எனக்கு மேல போறதுதான் முக்கியம்."

"மேல போறதெல்லாம் அது வழியாத்தானே சார் திரும்பணும்."

ஃபோர்ஸ் சார் பொறுமையாகச் சிரித்தார். பம்ப் விற்கும் அட்டைப்பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் அளவு தரைமட்டக் கணக்கு, உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறையும், இதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அந்த உண்மையை வைத்துக்கொண்டுதான் அவர் கடையிலேயே பெரிய பம்பாகப் பார்த்து எடுத்தார். பெரியதைக் கேட்கிறவரிடம் வேண்டாம் என்று சொல்லக் கடைக்காரருக்கு என்ன வேண்டுதலா?

டெய்லரம்மாவிடம் அன்றைக்கு மட்டும் சாவி வாங்கி, மகள் வீட்டில் சம்புக்குள் பம்பை மாட்டி சுவிட்சைப் போட்டார். தண்ணீர் சீறிக்கொண்டு ஏறியது. மீன் இரண்டும் கண்ணாடியோரம் ஒட்டிக்கொண்டன. "பாத்தியா ஃபோர்ஸை" என்றார்.

"ஏங்க, கீழ தண்ணி இறங்குதே" என்றாள் மனைவி.

சம்ப் வறண்டால் பம்ப் கருகிவிடும். இது அவர் ரத்தத்தில் ஊறிய பாடம். மகள் உப்பு கரைத்து டிரம்மில் வைத்திருந்த தண்ணீரைத் தூக்கிச் சம்பில் ஊற்றினார். அதுவும் இறங்கியது. மிச்சத்தையும் ஊற்றினார். ஊற்றுவதெல்லாம் எங்கே போகிறது என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. மேலேதான் போகிறது, மேலே போனால் நல்லதுதான்.

"மேல நிறையுதுங்க."

"நிறையட்டும். அதுக்குத்தானே இவ்வளவு பாடு."

ஓவர்ஃப்ளோ குழாயும் தன்னால் முடிந்த மட்டும் விழுங்கிப் பார்த்தது. முடியவில்லை. தொட்டியின் விளிம்பு வழிந்து தண்ணீர் சோபாவில் கொட்டியது. பதறிப்போய் பிளக்கைப் பிடுங்கினார். ஹால் அமைதியானது. அப்பாடா என்று அவர் நிமிர்வதற்குள், மேலே ஏறிய தண்ணீர் ஓவர்ஃப்ளோ வழியாகவும், ஏறிய குழாய் வழியாகவும் கும்பலாகத் திரும்பி வந்தது. தடுக்க இங்கே ஆள் உயர வால்வு ஏது? ஏற்கெனவே வயிறு முட்ட ஊற்றி வைத்திருந்த சம்ப் பொங்கி, அலமாரிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே நடந்தது.

கொஞ்ச நேரத்தில் டெய்லரம்மா பாதி தைத்த கோட்டோடு படியேறி வந்தார். "ஐயா, எங்க சீலிங் ஒழுகுது. சரி, ஒழுகட்டும். உப்புக் கரிக்குதே, அது ஏன்?"

மகள் வந்தபோது அவர் முட்டிபோட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்கப்பா" என்றாள். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது அவருக்கு.

"திரும்பி வர்றதை நான் யோசிக்கவே இல்லம்மா."

மறுநாள் கீழே வரும் குழாயை டேப் வைத்து அளந்துகொண்டு கடைக்குப் போய், "இது எவ்வளவு தாங்கும்னு நீங்களே சொல்லுங்க" என்றார். கைக்கு அடக்கமான பம்ப் ஒன்று வந்தது. மாட்டிய பிறகு வேண்டுமென்றே பிளக்கைப் பிடுங்கி, தண்ணீர் முழுவதும் திரும்பி வரும்வரை சம்பின் முன்னால் குந்தியிருந்தார். விளிம்புக்கு ஒரு சாண் கீழே நின்றது. சுவிட்சைப் போட்டார். ஓடும்போது சம்பில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அங்கே மார்க்கரால் கோடு போட்டு, 'இதற்கு மேல் ஊற்றாதே' என்று எழுதி வைத்தார். அது யாருக்கான எச்சரிக்கை என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

சாவி அவருக்கே கிடைத்தது. தகுதி பார்த்துக் கொடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. டெய்லரம்மா கையெடுத்துக் கும்பிட்டு, "எனக்கு வேணாம்மா. அவர்கிட்டயே குடு. எது நடந்தாலும் எப்படியும் என் தலையிலதான் ஒழுகப்போகுது" என்று ஒதுங்கிக்கொண்டார்.

"இரை மட்டும் போடுங்க. வேற ஒண்ணும் பண்ண வேணாம், உக்காந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு மகள் கிளம்பினாள்.

தினமும் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் சோம்பேறித்தனமாக ஏறியது, சோம்பேறித்தனமாக இறங்கியது. அவர் கை அரித்தது. கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் மகள் கூப்பிட்டாள். "என்னப்பா பண்றீங்க?"

"உக்காந்திருக்கேன்."

 "அப்பா, ஸ்குரூடிரைவர் ஃபிரிட்ஜ் மேல டப்பாக்குப் பின்னால இருக்கு. ஹால் ஃபேன் லேசா ஆடுது. முடிஞ்சா பாருங்களேன்" என்றாள்.

அவர் அண்ணாந்து பார்த்தார். ஆடத்தான் செய்தது. எத்தனை வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. எழுந்து போய் டப்பாவுக்குப் பின்னால் கைவிட்டு ஸ்குரூடிரைவரை எடுத்தார், கையில் வைத்துப் பார்த்தார், திரும்ப அங்கேயே வைத்தார்.

"ஆடட்டும்மா" என்றார். "நீ வந்து ஸ்டூலைப் பிடிச்சுக்கோ. அப்புறம் ஏறுறேன்."