மகள் காலில் போட்ட கட்டு

முடிச்சு என்கிற பேரை நான் முதன்முதலில் கேட்டது என் ஓரகத்தி வாயிலிருந்து. அவள் எங்கள் வீட்டுக்கு வாழ வந்த புதிது. இரண்டு பேரும் துணி அலசிக்கொண்டிருந்தோம். கூடப் பிறந்தவர்கள் யார் என்று கேட்டேன்.

"ஒரே அண்ணன்தான் அக்கா. முடிச்சுன்னா எங்க பக்கம் எல்லாருக்கும் தெரியும்."

"ஏன்டி, அவ்வளவு கஞ்சனா? மடி முடிச்சை அவிழ்க்கவே மாட்டாரா?"

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. அண்ணனை ஒரு சொல் சொன்னால் தாங்க மாட்டாள்.

அவர் மரக்கிடங்கில் லாரிக்கு லோடு கட்டுகிறவர். கட்டைகளை அடுக்கி, கயிறு போட்டு இழுத்து ஒரு முடிச்சுப் போட்டாரென்றால் லாரி மலையிறங்கினாலும் கட்டை அசையாது. அதில் வந்த பேர். அதோடு நின்றிருந்தால் நல்ல பேர்தான்.

மரம் அடுக்கிக் கிடக்கிற இடத்தில் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். யாரையாவது கடித்துவிட்டால் கிடங்கில் வண்டியைத் தேட மாட்டார்கள், முடிச்சைத்தான் தேடுவார்கள். லோடு கட்டுகிற அதே கயிற்றால் கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டுவார். விஷம் ஏறாதாம். கடிபட்டவர்களும் பிழைத்தார்கள். பிழைக்காமல் என்ன? கடித்ததெல்லாம் சாரையும் தண்ணீர்ப் பாம்பும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

அவர் மகளும் அங்கேயே பட்டை உரிக்கிற வேலை பார்த்தாள். கல்யாணம் பேசி முடித்திருந்த பெண். ஒரு மத்தியானம் பட்டைக் குவியலை வாரும்போது அவள் பாதத்தில் விரியன் போட்டுவிட்டது. பக்கத்தில் மரத்தை வாளறுக்கிறவன் பாம்பைக் கண்ணால் பார்த்தான். முடிச்சு கயிறோடு ஓடி வந்தார்.

"அப்பா, கட்டாதீங்க. கட்டவே கூடாதுன்னு நர்ஸம்மா சொன்னாங்க. காலை ஆட்டாம படுக்க வச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கப்பா."

சுற்றி நின்றவர்களில் ஒருவன் சிரித்தான். "என்ன முடிச்சண்ணே, உங்க கைக்கு உங்க வீட்டுலயே மதிப்பில்ல போல?"

அந்தப் பேச்சுதான் குடியைக் கெடுத்தது. "நேத்து முளைச்சவ எனக்குச் சொல்லித் தர்றியா? வாயை மூடுடி" என்று அவள் காலைப் பிடித்து, லாரிக்குக் கட்டுகிற மாதிரியே இழுத்துக் கட்டினார்.

ஆஸ்பத்திரி தூரம். போய்ச் சேரும்போது கால் கறுத்து, பார்க்கக் கூசியது. விஷமுறிவு மருந்து ஏற்றி உயிரை மீட்டார்கள். காலை மீட்க முடியவில்லை, எடுத்துவிட்டார்கள். ஓரகத்தியோடு நானும் அங்கேதான் இருந்தேன். டாக்டர் முடிச்சை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்தவரை, "என்னண்ணே சொன்னாங்க?" என்று தங்கச்சி கேட்டாள்.

"கட்டினதாலதான் உயிராவது தங்குச்சாம்."

நம்பினோம். பெற்ற மகளை எமன் கையிலிருந்து இழுத்துக் கட்டிய மனுஷன் என்று கிடங்கெல்லாம் பேச்சு. மாப்பிள்ளை வீட்டார் சத்தமில்லாமல் கழன்றுகொண்டார்கள். "நான் சொன்னேன் அத்தை, அவர் கேக்கல" என்று அந்தப் பெண் அழுதால், "பெத்தவரைப் பழி சொல்லாதே" என்று ஓரகத்தி அடக்கிவிடுவாள். முடிச்சு பிறகும் கட்டினார். வாளறுக்கிறவனையும் ஒரு பாம்பு கையில் கடித்தது, அவனுக்கும் கட்டினார். அவன் விரல்கள் அப்புறம் மடங்கவே இல்லை. உயிர் இருக்கிறதே என்று அவனும் இவரைக் கும்பிட்டான்.

அப்புறம் ஒரு மழைக்காலத்தில் முடிச்சின் கையிலேயே விரியன் போட்டது. ஆட்கள் கயிறோடு ஓடினார்கள். மனுஷன் கத்தினாராம்.

"கட்டாதீங்கடா! கயிறைத் தூரப் போடு! வண்டியை எடுங்க!"

வீங்குவதற்குள் மோதிரத்தைக் கழற்றினார். ஒரு பலகையில் கையை நீட்டி வைத்து, துண்டைத் தளர்வாகச் சுற்றச் சொன்னார். ஆடாமல் அசையாமல் படுத்தபடியே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். மருந்து ஏற்றினார்கள். உயிரும் தப்பியது, கையும் தப்பியது.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று ஊரில் சொன்னார்கள். எங்கே! அவருக்கு முன்பே தெரியும். நாங்கள் பார்க்கப் போனபோது மகள் கட்டையை ஊன்றிக்கொண்டு கட்டில் பக்கத்தில் நின்றாள்.

"கட்டக் கூடாதுன்னு உங்களுக்கு யாருப்பா சொன்னது?"

"உனக்குப் பார்த்த டாக்டர்தான்."

"அன்னைக்கேவா?"

"ஆமா."

"அப்புறமும் ஏன் மத்தவங்களுக்குக் கட்டினீங்க?"

"திடீர்னு விட்டா ஏன்னு கேப்பாங்களே. உன் காலை நான்தான் எடுத்தேன்னு ஆயிடுமேம்மா."

"ஆகலையா?"

அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். என் ஓரகத்தி வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டாள்.

"கிடங்குக்கு வந்து எல்லார் முன்னாடியும் ஒரே தடவை சொல்லுங்கப்பா. இனி யாருக்கும் கட்டாம இருப்பாங்க. வேற ஒண்ணும் கேக்கல."

"கை சரியாகட்டும்" என்றார்.

கை சரியானது. லோடு கட்டப் போனார். சொல்லவில்லை. கடைசியில் அவளே கட்டையை ஊன்றிக்கொண்டு போய்ச் சொன்னாள். "காப்பாத்தின அப்பனையே குத்தம் சொல்லுது பாரு" என்று அவள் காதுபடவே பேசினார்கள். அவர் அங்கேதான் நின்றார், கயிற்றைச் சுருட்டிக்கொண்டு. வாளறுக்கிறவன் மட்டும் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தானாம்.

அவள் அந்த மாதமே வேறு ஊருக்குப் போய்விட்டாள். ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். அப்பாவைப் பார்க்க வருவதில்லை. முடிச்சு இப்போது வேலையை விட்டுவிட்டு என் ஓரகத்தி வீட்டு மாடி அறையில் இருக்கிறார்.