அவர் வழக்கமாக நிற்கிற கண்ணாத்திட்டு

அன்பானவர்களே, என் கணவரின் தோணி கவிழ்ந்து மிதந்தது, ஆளைக் காணவில்லை என்று என் அண்ணன் வந்து சொன்னபோது நான் ஜெபிக்கவில்லை. ஜெபிக்க முடியவில்லை.

அது போன மாரி, கார்த்திகை மாதம். நாங்கள் அமிர்தகழிப் பக்கம் வாவிக்கரையில் இருக்கிறோம். மத்தியானம் அவர் இறால் பிடிக்கப் போனவர். பின்னேரம் காற்று கிளம்பியது. மற்றத் தோணிகள் எல்லாம் கரைக்கு வந்துவிட்டன. வாவியில் முதலை நடமாட்டம் என்று அந்தக் கிழமை முழுக்கக் கதை. அண்ணனும் வேறு இரண்டு பேரும் எஞ்சின் போட்டில் தேடிப் போய், வெறும் தோணியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். அதைப் பார்த்ததும் அப்படியே மணலில் குந்திவிட்டேன்.

"மச்சான் வலை போட்ட இடம் முழுக்கப் பாத்திட்டம், தங்கச்சி. இனி எங்கெண்டு தேடுறது? பொழுதும் படுது," என்றார் அண்ணன்.

என் மகள் என்னைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு "ஆண்டவரே" என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அப்போதுதான் முந்தின கிழமை வேதபாடத்தில் போதகர் சொன்னது நினைவில் எழும்பியது. இயேசு பிடிபட்ட இரவில் வழக்கத்தின்படியே ஒலிவமலைக்குப் போனார் என்று லூக்கா எழுதுகிறார் அல்லவா? அந்த வழக்கத்துக்குக் கிரேக்கத்தில் 'எத்தோஸ்' என்பார்களாம். செய்து செய்து ஒருவருக்குள் ஊறிப்போன பழக்கம். ஆலயத்தில் ஆசாரியர்கள் தூபம் காட்டுகிற முறைமைக்கும் லூக்கா அதே சொல்லைத்தான் போட்டிருக்கிறாராம். "காட்டிக்குடுத்தவன் அவரத் தேடி அலையல்ல. வழக்கமாப் போற இடம் அவனுக்குத் தெரியும்," என்றார் போதகர்.

என் கணவருக்கும் ஒரு இடம் உண்டு. வாவிக்குள்ளே, தண்ணீரில் வேர் இறக்கி நிற்கிற கண்ணாமரங்களின் திட்டு ஒன்று. வரும்போது சுற்றிப் போய், அங்கே தோணியைக் கட்டிக் கொஞ்ச நேரம் ஜெபித்துவிட்டுத்தான் கரைக்கு வருவார். "அதுவும் எத்தோஸ்தானோ?" என்று அந்த வேதபாடத்தன்று அவரைப் பகிடி பண்ணியிருந்தேன்.

"அண்ணன், கண்ணாத்திட்டுக்குப் போய்ப் பாருங்க," என்றேன்.

"அது மற்றப் பக்கம் தானே? அங்க எப்பிடிப் போயிருப்பார்?"

"எனக்குத் தெரியா. போங்க."

போட் போன பிறகுதான் பயம் என்னை முழுதாகப் பிடித்தது. நான் சொன்னது பிழையென்றால்? மிச்சமிருந்த வெளிச்சத்தையும் நானே வீணாக்கிவிட்டேனா? மகளின் கையை எவ்வளவு இறுக்கிப் பிடித்தேனோ, அவள் நோகுது என்றாள்.

இருட்டுப்படுகிற மைம்மல் பொழுதில் போட் திரும்பியது. அதற்குள் அவர் குந்தியிருந்தார். உதடு நீலம் பாரித்து, வேர் கிழித்த கைகளோடு, உயிரோடு.

"தோணி பிரண்டாப்பிறகு கரை எந்தப் பக்கமெண்டே தெரியல்ல. கையும் காலும் தன்பாட்டில அங்கதான் போச்சு," என்றார். நான் ஓவென்று அழுதேன். கர்த்தருக்கே ஸ்தோத்திரம்.

பயம் முற்றாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். காற்று எழும்பினால் இன்றும் நெஞ்சு படபடக்கும். ஆனால் இப்போது தினமும் விடியக் கிணற்றடித் தென்னைக்குக் கீழே முழங்காலில் நிற்கிறேன். சில நாள் சொல்ல ஒன்றும் இராது. என்றாலும் போவேன். நீங்களும் ஒரு இடத்தைப் பழக்கிக்கொள்ளுங்கள். பயம் வந்த பிறகு தேடினால் வழி தெரியாது. என்னைக் காணவில்லை என்றால் எங்கே வந்து பார்க்க வேண்டும் என்று என் மகளுக்குத் தெரியும்.