தறிக்குழியில் ஒளித்த கத்தி

துப்பறியும் கதைகள் எழுதும் அந்த மனிதர் காஞ்சிபுரத்துக்கு வந்தபோது, அவரைப் பார்க்கத் தாமல் கிராமத்திலிருந்துகூட வாசகர்கள் வந்திருந்தார்கள். நான் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் விடிந்துவிடும். நான் தறியில் இருக்கும்போது என் மனைவிதான் அவர் கதைகளை வாசித்துச் சொல்வாள். அவர் பெயரைச் சொன்னாலே அவள் குரல் குழையும். எனக்குப் பொறுக்காது.

ஆள் ஒல்லி, சாயம்போன சட்டை. யார் பேசினாலும் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்.

கூட்டத்தில் என் மனைவி எழுந்தாள். "தறிக்குழியில மிதிக்கட்டைக்கு அடியில கத்திய ஒளிச்சான்னு எழுதிக்கிறீங்களே, நாள் முழுக்க மிதிச்சிக்கினு இருக்கிறவன் காலுக்குத் தெரியாமலா போவும்?"

"தப்பு என்னுதுதான்மா. இத்தனை வருஷத்துல நீங்க ஒருத்தர்தான் கேட்டீங்க."

எல்லோரும் கைதட்டினார்கள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

ஐம்பது வருடமாக அந்தக் குழியில் கால் வைத்திருக்கிறேன். எனக்கு அது தோன்றவே இல்லை. ஆனாலும், "நான்தான்பா இவளுக்குச் சொன்னேன்," என்றேன்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்படிங்களா ஐயா," என்று மட்டும் சொல்லிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

வீடு வரும்வரை அவளும் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பெருந்தன்மையையும் அவரிடம்தான் கற்றாளோ என்று எனக்கு வயிறு எரிந்தது.