பன்னிரண்டாவது பெயர்

"சுவாமி மறுத்துவிட்டார்" என்று நான் சொன்னது பொய். சுவாமியிடம் நான் கேட்கவேயில்லை!

இருபத்தைந்து வருடங்களாக இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. என் மனைவிக்கும் தெரியாது. கத்தோலிக்கனாய்ப் பிறந்திருந்தால் என்றைக்கோ பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டு இறக்கி வைத்திருப்பேன். நானோ மானிப்பாய்ச் சைவன். நெற்றியில் திருநீற்றோடு கத்தோலிக்கச் சுவாமிமாரின் பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஆகையால் நீங்கள்தான் கேட்கவேண்டும்.

அழுகைக் கதை என்று பயந்துவிடாதீர்கள். அந்தப் பள்ளிக்கூட நாட்களைப் போல இன்பமான நாட்கள் எனக்குப் பிறகு வாய்க்கவேயில்லை. காலையில் சைக்கிளில் யாழ்ப்பாணம் போவதே ஒரு கொண்டாட்டம்! வகுப்புக்கு வகுப்பு ஒரு தகரப்பேணி இருக்கும். ஒவ்வொருவனும் வீட்டிலிருந்து ஒரு பிடி அரிசி கொண்டுவந்து அதற்குள் போடவேண்டும். சனிக்கிழமையில் அதையெல்லாம் சாக்கில் கொட்டி, கைவண்டிலில் ஏற்றி, கொழும்புத்துறையில் உள்ள ஏழை வீடுகளுக்குக் கொண்டுபோவோம். மழை வந்தால் சாக்கைக் காப்பாற்றுவதற்காக எங்கள் சட்டையைக் கழற்றி மூடிவிட்டு, வெறும் மேலோடு சிரித்துக்கொண்டு ஓடுவோம்.

வண்டிலின் கைபிடி எப்போதும் அந்தோனி அண்ணையிடம்தான். அவர் பள்ளிக்கூடத்துக் கோயிலில் மணி அடிப்பவர். தலை முழுக்க நரைத்தவர். ஆனாலும் எங்களுக்கும் எங்கள் தகப்பன்மாருக்கும் அவர் அண்ணைதான். மாலை மணி அடித்து முடிந்ததும், பள்ளிக்கூடத்துக்குத் தலைவரான ரெக்டர் சுவாமியின் விறாந்தைப் படியில் வந்து குந்துவார். சுவாமி தன் கையாலேயே தேத்தண்ணீர் கொடுப்பார். இருவரும் ஊர்ப் புதினம் கதைத்துச் சிரிக்கும் சத்தம் விளையாட்டு மைதானம் வரைக்கும் கேட்கும்.

அந்தச் சிரிப்பை நிறுத்தியவன் நான்... ஓம், நான்தான்!

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. உலக யுத்தங்களில் மாண்ட பழைய மாணவர் பதினொருவருக்காகக் கார்த்திகை மாதத்தில் பூசை வைப்பார்கள். எல்லாரும் அவர்கள் நினைவாகச் சட்டையில் சிவப்புப் பொப்பிப் பூக் குத்திக்கொண்டு நிற்போம். ஒரு மாணவன் பெயர்களை வாசிப்பான். ஒவ்வொரு பெயருக்கும் அந்தோனி அண்ணை ஒரு தரம் மணி அடிப்பார்.

அந்த வருடம் வாசிப்பதற்கு ரெக்டர் சுவாமி என்னைத் தெரிந்தெடுத்தார். திருவிழாக்களில் பாடிப் பழகிய தொண்டை என்னுடையது! எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. ஆனால் வகுப்பில் ஒருவன் என் காதுபடவே சொன்னான்:

"கோயிலுக்குள்ளை வாசிக்கச் சைவப் பெடியனோ? வேறை ஆள் கிடைக்கேல்லையோ?"

அது எனக்குள் முள்ளாய்த் தைத்துக்கொண்டது. ஒரு சின்னப் பிழை விட்டாலும் பறித்துவிடுவார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை, அரிசியைக் கொடுத்துவிட்டு வெறும் வண்டிலோடு திரும்பி வருகிறோம். மற்றவர்கள் முன்னே போய்விட்டார்கள். அந்தோனி அண்ணை வண்டிலை நிறுத்தினார்.

"தம்பி, நீ வாசிக்கிற பேருகள் முடிஞ்ச பிறகு, என்ரை மரியதாசின்ரை பேரையும் ஒருக்கால் வாசிப்பியோ?"

மரியதாஸ் அவருடைய ஒரே மகன். எங்கள் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். மலாயாவுக்குப் போய்க் கிளார்க்காக இருந்தவனை, யுத்தக் காலத்தில் யப்பான்காரர் சயாமில் ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். அங்கே காய்ச்சலில் செத்தான். பட்டாளச் சீருடை போடாதவன் என்பதால் அவன் பெயர் பட்டியலில் இல்லை. தகப்பன் ஒவ்வொரு வருடமும் பதினொரு வீட்டுப் பிள்ளைகளுக்கு மணி அடித்துவிட்டுத் தன் பிள்ளைக்கு அடிக்காமல் வீட்டுக்குப் போனார்.

"நீங்களே சுவாமியைக் கேக்கலாமே, அண்ணை?" என்றேன்.

"நான் அவரிட்டைச் சம்பளத்துக்கு நிக்கிறவன். என்ரை முகத்துக்காக ஓமெண்டு சொல்லிப்போடுவார். எனக்கு அது வேண்டாம். நீ கேள்."

"ஓம் அண்ணை, கேக்கிறன்."

இரண்டு தரம் சுவாமியின் அறை வாசல்வரை போனேன். இரண்டு தரமும் திரும்பிவிட்டேன். 'இடம் கொடுத்தால் இவன் பட்டியலையே மாற்றப் பார்க்கிறான்' என்று நினைத்துவிட்டால்? வேறொருவனை வாசிக்கச் சொல்லிவிட்டால்? என்ன பயம் அது! வெறும் பெருமைக்கு வந்த பயம்.

பூசையன்று காலையில் மணிக்கயிற்றடியில் அந்தோனி அண்ணை என்னை மறித்தார்.

"கேட்டனியோ?"

"கேட்டனான். சுவாமி மாட்டனெண்டிட்டார். சீருடை போட்ட ஆக்களுக்கு மட்டும்தானாம்."

அந்தக் கடைசி வசனத்தை யார் எனக்குச் சொல்லித் தந்தது? எவ்வளவு லாவகமாய் வந்தது!

"அப்பிடியே சொன்னவர்?" என்றார். பிறகு, "சரி" என்றார்.

நான் வாசித்தேன். குரல் ஒரு இடத்திலும் பிசகவில்லை. அந்தோனி அண்ணை பதினொரு தரம் மணி அடித்தார். பிரசங்கத்தில் ரெக்டர் சுவாமி, "பெயர் வாசிக்கப்படாமல் மாண்ட எல்லாருக்காகவும் மன்றாடுவோம்" என்றார். அந்தோனி அண்ணை நிமிர்ந்து அவரைப் பார்த்த பார்வையை நான் கண்டேன். கேட்டும் மறுத்த மனிதர் இப்போது செபம் சொல்கிறாரே என்றுதானே நினைத்திருப்பார்!

அன்றிலிருந்து அவர் விறாந்தைக்குப் போகவில்லை. மாலை மணியை அடித்துவிட்டு நேரே வீட்டுக்குப் போனார்.

ஒரு மாதம் கழித்துச் சுவாமி என்னைக் கூப்பிட்டார்.

"அந்தோனிக்கு என்னிலை என்ன கோவம்? உன்னோடைதானே கதைக்கிறவன். ஏதும் சொன்னவனோ?"

"தெரியாது, சுவாமி."

தெரியாதாம்! சுவாமி மேசையிலிருந்த இனிப்பில் ஒன்றை எடுத்து எனக்குத் தந்தார். அடுத்த வருடம் மன்னாருக்கு மாற்றலாகிப் போனார். பிரியாவிடையில் ஊரே மாலை போட்டது. அந்தோனி அண்ணை மட்டும் ஆசீர்வாதத்துக்குப் போகவில்லை.

நான் படித்து முடித்து அதே பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியனாக வந்தேன். நல்ல வாழ்க்கை. குறை சொன்னால் வாய் அழுகிவிடும். சில வருடங்களில் கார்த்திகைப் பூசையின் பொறுப்பு என்னிடம் வந்தது. புதிய ரெக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டேன், உடனே சம்மதித்தார். அவ்வளவு சுலபம்! பதினொரு பெயர் முடிந்ததும் நானே எழுந்து, "மரியதாஸ்" என்று வாசித்தேன்.

மணி உடனே அடிக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். கிழவர் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். பிறகு அடித்தார்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது, மாணவர்கள், ஆசிரியர்கள் எல்லாருக்கும் முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மேனை, இவ்வளவு காலமும் அந்தச் சுவாமியிலை எனக்குச் சரியான கோவம். அவர் செத்தது கேள்விப்பட்டும் ஒரு செபம் சொல்லேல்லை. இண்டைக்கு அவரை மன்னிச்சுப் போட்டன். நீ நல்லாயிருப்பாய்!"

அண்ணை, சுவாமி இல்லை, நான்தான்... நான்கே நான்கு சொற்கள். சொல்லியிருக்கலாம். எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"சந்தோசம், அண்ணை" என்றேன்.

அடுத்த மாரிக்குள் அவரும் போய்விட்டார். அவருடைய மூத்த மகள் இன்றைக்கும் ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் எங்கள் வீட்டுக்குப் பயற்றம் பணியாரம் கொடுத்தனுப்புகிறாள். "எங்கடை தம்பிக்காகப் பெடியனா இருக்கேக்கையே சுவாமியிட்டைப் போய்க் கேட்ட வாத்தியாருக்கு" என்று சொல்லித்தான் அனுப்புவாளாம்.

நான் வாங்கித் தின்கிறேன். நல்ல கைப்பக்குவம்! இந்த வருடமும் வரும்... வாங்குவேன்.