மொட்டைமாடியில் காயப்போட்ட கை

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்களில் திருவொற்றியூர் பக்கம் பாய்லர் ஃபிட்டராக இருந்தேன். ஒருநாள் நீராவி வந்து என் வலது முன்கையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனது.

மருத்துவமனையில் சிஸ்டர் புண்ணைக் கழுவி, கண்ணாடி போன்ற ஒரு ஜெல்லித் தகட்டைப் போர்த்தி, மேலே துணி சுற்றினார். "பத்து நாள் பார்ப்போம். தோல் வரலைன்னா தொடையிலேர்ந்து எடுத்து ஒட்டணும்" என்றார் டாக்டர். எனக்குக் காதில் விழுந்தது தொடை மட்டும்தான்.

இரண்டாம் நாள் துணியை விலக்கிப் பார்த்தேன். ஜெல்லி உப்பி, வெளுத்துப் போயிருந்தது. கை அழுகிவிட்டது என்று முடிவுகட்டினேன். மூலக்கொத்தளம் இடுகாட்டில் எந்த மூலை கிடைக்கும் என்றுகூட யோசித்தாயிற்று. ஈரமாக இருந்தால் மீன் கெடும், காய்ந்தால் நிற்கும். எங்கள் வீட்டுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். உச்சி வெயிலில் மொட்டைமாடியில், மனைவி பரப்பியிருந்த நெத்திலிக்குப் பக்கத்தில் கையை நீட்டி உட்கார்ந்தேன். காகம் ஒன்று வந்து என்னையும் விசாரித்தது. சாயங்காலத்துக்குள் ஜெல்லி அப்பளமாகிக் கையோடு ஒட்டிக்கொண்டது.

மறுநாள் மச்சானைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். அவன் கத்திவாக்கத்தில் வலை பின்னுகிறவன்.

"இன்னா பண்ணீங்க இத?" என்றார் சிஸ்டர்.

"காய வெச்சேன் சிஸ்டர். கெட்டுடக் கூடாதுன்னு."

"உப்பு போட மறந்துட்டாரு" என்றான் மச்சான்.

சிஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு உப்புநீரை ஊற்றி ஊறவைத்தார். "இதுக்குள்ள நூல் நூலா பின்னி கீது, நடுவுல தண்ணி. புண்ணுல வர்ற நீர இது உள்ள இழுக்கும், அதான் உப்புது. கிருமிய வுடாது. அடியில ஈரம் இருந்தாதான் புதுத்தோல் ஊர்ந்து வரும். தண்ணி போச்சுன்னா பின்னல் சுருங்கி இறுகிடும்."

மச்சானுக்கு உடனே புரிந்துவிட்டது. "நம்ம வலைதான் மாமா. நூலு ஒண்ணுதான், நடுவுல கீற ஓட்ட, அந்தக் கண்ணுதான் வேல செய்யுது. கண்ணு பெருசா இருந்தா எறா ஓடிடும். நீ கண்ணையே மூடிக்கீற."

ஊறிய ஜெல்லி வலிக்காமல் கழன்றது. ஓரமெல்லாம் இளஞ்சிவப்பில் புதுத்தோல். அதிகம் ஒட்டியிருந்த நடுவில் மட்டும் இல்லை. புதுத் தகடு போர்த்தினார்கள். அதன்பின் மின்விசிறிக் காற்றுகூடப் படாமல் அதைக் காவல் காத்தேன்.

பத்தாம் நாள் டாக்டர் பார்த்துவிட்டு, "தொடை உங்களுக்கே இருக்கட்டும்" என்றார்.

நடுவில் சொரசொரப்பாக ஒரு வட்டம் இன்றும் இருக்கிறது. அது என் சொந்த வைத்தியம். வீட்டில் நெத்திலி காயும் நாளெல்லாம் மச்சான் மொட்டைமாடியிலிருந்து குரல் கொடுப்பான்:

"மாமா, எடம் கீது. கைய எடுத்துகினு வா."